ரேகைச் சட்டத்தின் பேரன் வருகிறான்! மனிதனுக்கு மார்க் போடும் மோசடி

அலங்காநல்லூர்:

சிறையிலிருந்து பரோலில் வருகிறவனுக்கும், கோர்ட்டு நன்னடத்தை ஜாமீனில் விடுகிறவனுக்கும் இனிமேல் மார்க் போட வேண்டுமாம். இவன் மறுபடி குற்றம் செய்வானா, மாட்டானா என்று ஒரு யந்திரம் கணக்குப் பார்த்துச் சொல்லுமாம். மார்க் குறைந்தவன் வீட்டுக்குப் போகலாம். மார்க் கூடியவன் உள்ளே கிடக்க வேண்டும். இல்லையென்றால் காலில் மின்னணு வளையம் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இதற்கு 'அபாய மதிப்பீடு' என்று அழகான பெயரும் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கிறது, பிரிட்டனில் இருக்கிறது, நாம் மட்டும் பின்தங்கலாமா என்று நம் நாட்டிலும் சில நிபுணர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

மத்திய உள்துறை 2023 மே மாதத்தில் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டத்தைப் பாருங்கள். கைதிகளைப் பாதுகாப்பு மதிப்பீடு செய்து பிரிக்கச் சொல்கிறது அது. நடமாட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் மின்னணுக் கருவியை அணிந்துகொள்ளச் சம்மதிக்கிற கைதிக்கு விடுப்புக் கொடுக்கலாம் என்கிறது. சம்மதமாம்! தாய் சாகக் கிடக்கிறாள், வளையம் மாட்டச் சம்மதமா என்று கேட்டால் எந்த மகன் முடியாது என்பான்?

இது கைதிகள் விவகாரம், உழைக்கும் மக்களின் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. உலகத்தில் வேறு எவரும் இந்த யந்திரத்தைக் கண்டு ஏமாறலாம். மதுரைச் சீமை மக்கள் ஏமாறக் கூடாது. இதன் தாத்தாவை நாம் பார்த்திருக்கிறோம்.

மார்க் போடும் வித்தை

முதலில் இந்த வித்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

1928ல் சிகாகோ சர்வகலாசாலைப் பேராசிரியர் பர்கெஸ் என்பவர், இல்லினாய்ஸ் மாநிலச் சிறைகளிலிருந்து பரோலில் போன 3,000 பேருடைய கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு 21 அம்சங்களைப் பொறுக்கி எடுத்தார். என்ன குற்றம், என்ன வயது, முன்பு ஒழுங்காக வேலை பார்த்தானா, எப்படிப்பட்ட வட்டாரத்தில் குடியிருந்தான் என்பவை அவற்றில் சில. அவனைப் பெற்ற தகப்பன் எந்த நாட்டான் என்பதும் ஓர் அம்சம்! இந்த அம்சங்களைக் கூட்டிப் பார்த்தால் எவன் பரோலை மீறுவான் என்று சொல்லிவிடலாம் என்றார். அன்று பேனாவும் காகிதமும், இன்று கம்ப்யூட்டர். வித்தை மாறவில்லை.

இன்று அமெரிக்காவில் பெயர்பெற்ற யந்திரம் 'காம்பாஸ்'. நார்த்பாயிண்ட் என்ற தனியார் கம்பெனி செய்து விற்றது. 137 கேள்விகள். உன் தாயோ தகப்பனோ ஜெயிலுக்குப் போனதுண்டா என்பது ஒரு கேள்வி. உன் சிநேகிதர்களில் எத்தனை பேர் போதை மருந்து சாப்பிடுகிறார்கள் என்பது இன்னொன்று. அதாவது, கைதி என்ன செய்தான் என்பதோடு விடுவதில்லை. அவன் எங்கே பிறந்தான், யாரோடு பழகினான் என்பதற்கும் சேர்த்து மார்க்.

2016ல் 'புரோபப்ளிகா' என்ற பத்திரிகை அமைப்பு, புளோரிடா மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் கைதான 7,000க்கு மேற்பட்டவர்களின் மார்க்கை எடுத்து ஆராய்ந்தது. பிறகு எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பர்களில் 100க்கு 45 பேர் 'அபாயமானவர்கள்' என்று யந்திரத்தால் முத்திரை குத்தப்பட்டிருந்தார்கள். அதேபோல் குற்றம் செய்யாத வெள்ளையரில் இந்த முத்திரை விழுந்தது 100க்கு 24 பேருக்கு. கம்பெனி என்ன பதில் சொன்னது? எங்கள் மார்க் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே அளவு சரியாகத்தான் பலிக்கிறது என்றது.

இந்தப் பதிலிலேதான் சூது இருக்கிறது. பலித்ததா இல்லையா என்று கம்பெனி எதை வைத்துப் பார்க்கிறது? மறுபடி கைதானானா என்பதை வைத்து. கைது செய்வது யார்? போலீஸ். கறுப்பர் தெருவில் போலீஸ் அதிகம் சுற்றினால் அங்கே கைது அதிகம். கைது அதிகமானால் மார்க் அதிகம். மார்க் அதிகமானால் போலீஸ் இன்னும் அதிகம். செக்குமாடு சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்துவிட்டு, இதோ விஞ்ஞானம் என்கிறார்கள்!

இந்த மார்க் எப்படி வந்தது என்று ஒரு கைதி விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். கணக்கு முறை கம்பெனியின் வியாபார ரகசியம். ரகசியமாகவே இருக்கட்டும், ஜட்ஜுகள் எச்சரிக்கையோடு அந்த மார்க்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்று 2016ல் தீர்ப்பு வந்தது. ஒரு மனிதனின் ஆயுளில் எத்தனை வருஷம் என்பதைத் தீர்மானிக்கிற கணக்கு அந்த மனிதனுக்கே ரகசியம்!

தாத்தாவின் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம்

இப்போது நம் சீமைக்கு வருவோம்.

1871ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு ஜாதி முழுவதையும் குற்றவாளி என்று அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 1911ல் அதைத் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். 1914ல் மதுரைக்குப் பக்கத்துக் கீழக்குயில்குடியில் தொடங்கி, சில வருஷங்களுக்குள் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதன் கழுத்திலும் அதை மாட்டினார்கள்.

அந்தச் சட்டம் செய்தது என்ன? வயது வந்த ஆண்பிள்ளை ரிஜிஸ்டரில் பெயர் பதிய வேண்டும். பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். ராத்திரி போலீஸ் ஸ்டேஷனிலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் பெண் பார்க்கப் போனாலும் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவன் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. திருடக்கூடிய ஜாதியில் பிறந்தான், அதனால் திருடுவான் என்பதே கணக்கு. இது அபாய மதிப்பீடு இல்லாமல் வேறென்ன? காம்பாஸ் 137 கேள்வி கேட்கிறது. வெள்ளைக்காரன் ஒரே கேள்வி கேட்டான்.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்து விழுந்தார்கள். மதுரையில் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வாதாடினார். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள். தேசிய இயக்கத்தாரும் கம்யூனிஸ்டுகளும் பல சமூகத்து உழைப்பாளிகளும் சேர்ந்து எழுப்பிய எதிர்ப்பில், 1947ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தாயிற்று. 1952ல் நாடு முழுவதும் ஒழிந்தது. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இன்று 68 சமூகங்கள் இருக்கின்றன. அத்தனை சமூகங்களின் முதுகிலும் இந்தப் பழைய மார்க்கின் தழும்பு இருக்கிறது.

ஜாதிப் பெருமை பேச இதை நாம் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பெருங்காமநல்லூர்த் தூணுக்கு மாலை போட்டுவிட்டு, இன்றைய போலீஸ் பட்டியலைப் பற்றி வாய் திறக்காத ஜாதித் தலைவர்களைப் போல் நாம் இருக்க முடியாது என்பதற்காகவே சொல்கிறோம்.

சட்டம் போனது, ரிஜிஸ்டர் போகவில்லை

ஒரு கையால் ரத்து செய்த சர்க்கார், மறு கையால் 1948லேயே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஜாதியின் பெயர் போயிற்று; ரிஜிஸ்டர் நின்றது. பல மாநிலங்களில் இந்த மாதிரிச் சட்டங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

நாம் சாதாரணமாகத் திட்டும்போது சொல்கிறோமே 'கேடி' என்று, அந்தச் சொல்லே போலீஸ் ரிஜிஸ்டரிலிருந்து வந்ததுதான். இன்று அந்த ரிஜிஸ்டருக்கு ரவுடிப் பட்டியல் என்று பெயர். அதில் ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு மார்க் போட்டால் விடைத்தாளைக் கேட்டு வாங்கலாம். இந்த மார்க்குக்கு விடைத்தாள் கிடையாது. 2023ல் சென்னை மாநகரப் போலீஸ் 'பருந்து' என்ற செயலியைக் கொண்டுவந்து இந்தப் பட்டியலில் இருப்பவர்களைக் கண்காணிக்கத் தொடங்கியது. காகிதத்தில் இருந்தது கைபேசிக்குள் போய்விட்டது. யந்திரம் மார்க் போட இன்னும் எத்தனை அடி தூரம்?

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு நன்னடத்தை ஜாமீன் எழுதி வாங்குகிற பிரிவு. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அது 129ஆம் பிரிவாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த அதிகாரத்தைப் போலீஸ் துணைக் கமிஷனர்களிடமே கொடுத்திருந்தார்கள். பிடிக்கிறவரும் அவரே, விசாரிக்கிறவரும் அவரே! இது செல்லாது என்று 2023 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட் அடித்துச் சொன்னது.

2022ல் மத்திய சர்க்கார் குற்றவியல் அடையாளச் சட்டம் கொண்டுவந்தது. ரேகையோடு கண்ணின் கருவிழியையும் எடுக்கலாம். 75 வருஷம் வைத்திருக்கலாம். யாரிடம் எடுக்கலாம்? தண்டனை பெற்றவரிடம் மட்டுமா? கைதானவரிடமும் எடுக்கலாம், நன்னடத்தை ஜாமீன் எழுதிக்கொடுத்தவரிடமும் எடுக்கலாம்.

கம்யூனிஸ்டுகளுக்கும் இந்தக் கணக்கு பழக்கமானதுதான். 1950ல் தோழர் ஏ.கே. கோபாலனைத் தடுப்புக் காவல் சட்டத்தில் சென்னை சர்க்கார் அடைத்து வைத்தது எதற்காக? அவர் செய்த குற்றத்துக்காகவா? செய்யக்கூடும் என்ற 'அபாயத்துக்காக'. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. காவல் செல்லும் என்றே அன்று தீர்ப்பாயிற்று. ஆளும் வர்க்கத்தின் கணக்கில் அதிக மார்க் எப்போதும் யாருக்கு விழும் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

எவன் அபாயமானவன்?

அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவனை எடுத்துக்கொள்வோம். அடிதடி வழக்கில் தண்டனை பெற்று, தங்கை கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்கிறான். யந்திரம் கேட்கிறது, இவன் பதில் சொல்கிறான்.

நிலையான வேலை உண்டா? இல்லை. இங்குள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நின்றபோது, ஆலைத் தொழிலாளியும் வெட்டுக் கூலியும் சேர்ந்தே தெருவில் நின்றார்கள். ஆலையை நிறுத்தியவன் இவன் இல்லை. ஆனால் மார்க் இவனுக்கு.

நிலையான விலாசம் உண்டா? இல்லை. கரும்பு எங்கே விளைகிறதோ அங்கே குடிசை. அதற்கும் மார்க்.

முன்பு கைதானதுண்டா? உண்டு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வாடிவாசல் முன் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களில் அவனும் ஒருவன். போலீஸ் நூற்றுக்கணக்கானவர்களை அள்ளிக்கொண்டு போனதே, அதில் அகப்பட்டான். அந்தப் போராட்ட வழக்குகளை வாபஸ் வாங்குவதாக 2021ல் சர்க்கார் அறிவித்தது. சர்க்கார் வாபஸ் வாங்கலாம். யந்திரத்தின் ஞாபகத்திலிருந்து வாபஸ் வாங்குவது யார்?

கைதே குற்றம் என்று கணக்கிடுகிற நாட்டில் சிறைகளின் நிலைமை என்ன? 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே சொல்லவில்லை! வாய்தா வாங்க வக்கீல் இல்லாதவன், ஜாமீன்தாருக்குச் சொத்து இல்லாதவன் உள்ளே கிடக்கிறான். அந்த ஏழ்மையைத்தான் யந்திரம் 'அபாயம்' என்று படிக்கிறது.

இதே கேள்விகளை இன்னொருவரிடம் கேட்டுப் பார்ப்போம். மேலூர்ப் பக்கம் மலை மலையாக அறுத்து விற்ற கிரானைட் கொள்ளையை விசாரிக்க 2014ல் ஹைகோர்ட் சகாயத்தை நியமித்தது. 2015ல் அவர் அறிக்கை கொடுத்தார். அந்த மாதிரிக் கொள்ளையில் கொழுத்தவனுக்கு நிலையான வேலை உண்டா? கம்பெனியே உண்டு. விலாசம் உண்டா? பத்து பங்களா உண்டு. சிநேகிதர்கள் எப்படிப்பட்டவர்கள்? மந்திரிகளும் அதிகாரிகளும்! யந்திரம் அவருக்குப் பூஜ்யம் மார்க் போட்டு, வாருங்கள் ஐயா என்று கதவைத் திறந்துவிடும். மறுபடி மலையை அறுப்பாரா என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. கந்துவட்டிக்காரனுக்கும் கூலியைக் கொடுக்காமல் ஏய்க்கிற முதலாளிக்கும் அபாய மார்க் போடுகிற யந்திரத்தை எந்தக் கம்பெனி செய்தது? செய்தால் எந்த சர்க்கார் வாங்கும்?

"யந்திரத்துக்கு ஜாதி தெரியாது"

இதுதான் அவர்களுடைய பெரிய வாதம். அதிகாரிக்கு ஜாதிப் பாசமும் ஜாதித் துவேஷமும் உண்டு, லஞ்சமும் உண்டு. யந்திரத்துக்கு அவை இல்லை என்கிறார்கள். முதல் பாதி உண்மை. அதிகாரியின் பாரபட்சத்தை நம்மைவிட அனுபவித்தவர்கள் யார்? ஆனால் யந்திரம் எதைத் தின்று வளர்கிறது? அந்த அதிகாரி எழுதிய ரிஜிஸ்டரைத் தின்றுதான். விஷக் கிணற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்தால் அது நல்ல தண்ணீராகிவிடுமா?

2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நல்ல தீர்ப்பு ஒன்று சொன்னது. சிறைகளில் ஜாதி பார்த்து வேலை பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம். கைதிகளின் பதிவேட்டிலிருந்து ஜாதிக் கட்டத்தையே நீக்க வேண்டும் என்றது. வரவேற்கிறோம். ஆனால் ஜாதிக் கட்டத்தை அடித்துவிட்டு ஊர்க் கட்டத்தை வைத்திருந்தால்? மதுரை மாவட்டத்தில் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சொன்னால் போதும். ஜாதி சொல்ல வேண்டியதில்லை. 'காலனி' என்று விலாசம் எழுதினால் சிறு பிள்ளைக்கும் புரியும். சிறு பிள்ளைக்குப் புரிவது கோடிக் கணக்குப் போடுகிற யந்திரத்துக்குப் புரியாதா? அதிகாரி ஜாதி பார்த்தால் அவர்மேல் வழக்குப் போடலாம். யந்திரம் பார்த்தால் யார்மேல் போடுவது?

"கொலைகாரனை அவிழ்த்துவிடச் சொல்கிறீர்களா?"

இல்லை. கூலிப்படையின் அரிவாளுக்கு முதலில் பலியாகிறவன் ஏழை. ரவுடியைக் கண்டு நடுங்குகிறவள் வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிற பெண். எனவே பாதுகாப்பு வேண்டும் என்பதில் நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

குற்றம் செய்தவனைத் தண்டியுங்கள். சாட்சியை மிரட்டுகிறான் என்றால் அந்த மிரட்டலைக் கோர்ட்டில் காட்டி, காரணம் எழுதி, காலக்கெடு போட்டு நிபந்தனை விதியுங்கள். அந்த நிபந்தனையை அவன் மேல்கோர்ட்டில் எதிர்க்க முடியும். செய்ததை வைத்துக் கட்டுப்படுத்துவது நியாயம். செய்யப்போவதை ஜோசியம் பார்த்துக் கட்டுவது ரேகைச் சட்டம். ஜாமீனில் இருக்கிறவரின் நடமாட்டத்தை எந்நேரமும் போலீஸ் எட்டிப் பார்க்கும்படி நிபந்தனை போடக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விசாரணைக் கைதிக்கு இல்லாத வளையம், விடுப்பில் தாயைப் பார்க்கப் போகிற கைதிக்கு மட்டும் எதற்கு?

ஜோசியம் இன்னொரு கேட்டையும் செய்கிறது. அபாயமானவன் என்று முத்திரை குத்தியவனுக்கு எந்தக் கடைக்காரன் வேலை கொடுப்பான்? எவன் வீடு வாடகைக்குக் கொடுப்பான்? வேலையும் வீடும் இல்லாமல் அவன் மறுபடி அகப்பட்டால், பார்த்தீர்களா, யந்திரம் சொன்னது பலித்தது என்பார்கள்!

வேலை கொடு, மார்க் வேண்டாம்

குற்றத்தைக் குறைப்பது எது என்று கண்டுபிடிக்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. பெரியாறு அணை 1895ல் திறந்தது. அலங்காநல்லூர், மேலூர் பக்கத்து நிலங்களில் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்தது. உழவு நிலைத்தது, உழுகிற குடும்பமும் நிலைத்தது. தண்ணீர் எட்டாத உசிலம்பட்டி வறட்டுக் காட்டுக்குச் சர்க்கார் அனுப்பியது ரேகை ரிஜிஸ்டர். தண்ணீரும் நிலமும் பள்ளிக்கூடமும் செய்வதை எந்தப் பட்டியலும் செய்ததில்லை.

சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, விடுவிக்கப்பட்டவருக்குப் புத்தி சொல்லி உதவி செய்வதும், தகுந்த வேலை தேடிக்கொடுக்க முயல்வதும் நன்னடத்தை அதிகாரியின் கடமை என்கிறது. 12ஆம் பிரிவு, நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் கூடாது என்கிறது. எத்தனை நல்ல வார்த்தைகள்! வேலை தேடிக்கொடுக்க வேண்டிய அதிகாரியைக் கேள்வித்தாள் நிரப்புகிற குமாஸ்தாவாக்குவதுதான் மார்க் யந்திரம். கைதி விடுப்புக் கேட்டால் நன்னடத்தை அதிகாரி ஊருக்குப் போய், வீட்டைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதுகிற அறிக்கையில் குறை இருக்கலாம். ஆனால் அவர் முகம் தெரிந்த மனிதர். தப்பாக எழுதினால் ஊரே போய்க் கேட்கலாம்.

ஆகவே நாம் கோருவது இவை:

பரோலுக்கும் விடுப்புக்கும் நன்னடத்தை மேற்பார்வைக்கும் மார்க் போடும் எந்த யந்திரத்தையும் தமிழ்நாட்டுக்குள் விடக் கூடாது.

மாதிரிச் சிறைச் சட்டத்தின் மின்னணு வளையத்தைத் தமிழக அரசு ஏற்கக் கூடாது.

ரவுடிப் பட்டியலில் ஒருவர் பெயரை ஏற்றினால் காரணத்தைத் தமிழில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வழி வேண்டும். குறித்த காலத்தில் மறுபரிசீலனை செய்து பெயரை நீக்க வேண்டும். போராட்ட வழக்குகளைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

வழக்கமான குற்றவாளிகள் சட்டங்களை நாடு முழுவதும் ஒழிக்க வேண்டும்.

நன்னடத்தை அதிகாரிகளைத் தேவையான அளவு நியமித்து, 14ஆம் பிரிவின்படி வேலை தேடிக்கொடுக்கும் பொறுப்பைக் கறாராகச் சுமத்த வேண்டும். விடுதலையாகி வருகிறவனுக்கு முதல் வாரமே நூறு நாள் வேலை அட்டையோ, கூட்டுறவுக் கடனோ கையில் கிடைக்க வேண்டும்.

விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் வாலிபரும் மாதரும் இந்தக் கோரிக்கைகளை ஊர் ஊராக எடுத்துப் போக வேண்டும். கள்ளர் தெருவிலும் பேச வேண்டும், காலனியிலும் பேச வேண்டும். இரண்டு தெருவாரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்துப் பேச வேண்டும். பட்டியல் போடுகிறவன் நம்மைப் பிரித்துப் போடுகிறான். நாம் சேர்ந்தால்தான் பட்டியல் கிழியும்.

1920ல் எழுத்தறியாத சம்சாரிகள் விரலை நீட்ட மறுத்தார்கள். படித்த பிள்ளைகள் நிறைந்த இந்த மண், காலை நீட்டி வளையம் மாட்டிக்கொள்ளுமா? மாட்டாது!